கொண்டைக்கடலை விழுந்த கட்சி

பதிமூன்று வயதுப் பிள்ளைக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுப்பது குரங்குக்குக் கள் ஊற்றிக் கொடுப்பது போல என்பது என் கருத்து. இதை நான் எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர் கூட்டத்திலேயே எழுந்து சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சிரித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள்.

நான் பாடம் நடத்துவது மூன்றாம் வகுப்பில். என் பிள்ளைகளுக்கு எட்டு வயது. காலையில் மணி அடித்ததும் ஜெபம், அது முடிந்ததும் பாட்டாகவே எல்லாம்: வேதாகமப் புத்தகங்களின் பெயர்கள், லத்தீன் விகுதிகள், ஐரோப்பிய நதிகள், இங்கிலாந்து ராஜாக்கள், பதினைந்தாம் வாய்ப்பாடு. மழை பெய்த மறுநாள் குளத்தங்கரையில் கேட்குமே, அப்படி ஒரு சத்தம். ஏன், எதற்கு என்று ஒரு வாண்டும் கேட்காது. எங்கள் பள்ளிக்கூடம் ஒரு காலத்தில் ரோலர் ஸ்கேட்டிங் கூடமாக இருந்தது. கூரையில் கண்ணாடிச் சில்லு உருண்டை இன்னும் தொங்குகிறது, கழற்ற ஏணி எட்டவில்லை. அதன் கீழே நின்று முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் லத்தீன் கத்துவதைக் கேட்டால் எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

எங்கள் பள்ளிக்கூடத்தின் கொள்கை பழைய கொள்கை. பிள்ளைக்கு எந்த வயதில் எது தானாக வருகிறதோ, அதையே பாடமாக்கு. சின்ன வயதில் மனப்பாடம் தானாக வரும், ஆகவே மனப்பாடம். பெரிய வகுப்பில் அழகாகப் பேச ஆசை வரும், ஆகவே பேச்சுக்கலை. நடுவில், பன்னிரண்டு பதிமூன்றில், எதிர்த்துப் பேசுவது தானாக வரும். சரி, எப்படியும் எதிர்த்துப் பேசத்தான் போகிறது, ஒழுங்காகவாவது எதிர்த்துப் பேசட்டும் என்று தர்க்கம். காகிதத்தில் எழுதிப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருப்பவர்களைத்தான் யாரும் கேட்பதில்லை.

என் தங்கை மகள் டிர்ஸா எட்டாம் வகுப்பு. என் தங்கை போய்ச்சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பனும் மகளும் சாப்பிட வருவது என் வீட்டுக்குத்தான். அப்பன் எல்டன் பருப்பும் கொண்டைக்கடலையும் விளைவிக்கிறவன். எங்கள் தெருவில் மூக்கொழுகத் திரிந்த காலத்திலிருந்து எனக்குத் தெரியும் என்பதால், அவன் என்னதான் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவில் இருந்தாலும் நான் 'அவன்' என்றுதான் சொல்வேன்.

அந்த மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி வறுவலை நான் மேஜையில் வைத்ததும் எல்டன் தொண்டையைக் கனைத்தான். புதுச்சட்டை வேறு போட்டிருந்தான். எனக்கு அப்போதே ஏதோ பொறி தட்டியது.

"நான் மிஸ் பெல்லமியைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்றான், உருளைக்கிழங்கைப் பார்த்து.

டிர்ஸா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த மிஸ் பெல்லமி?"

"இந்த ஊர்ல எத்தனை மிஸ் பெல்லமி இருக்காங்க?"

"ஒருத்தங்கதான். அவங்களா இருக்கக் கூடாதேன்னுதான் கேட்டேன்."

மிஸ் பெல்லமி யாரென்று சொல்லிவிடுகிறேன். டிர்ஸாவுக்குத் தர்க்கம் நடத்துகிற டீச்சர் அவர்தான்.

"சரி, காரணம் சொல்லுங்க" என்றாள் டிர்ஸா.

"எல்லாருமே நல்ல காரியம்னுதான் சொல்றாங்க. பாஸ்டர்கூடச் சொன்னார்."

"ஊரே சொன்னா அது உண்மையாயிடுமா? பெரிய மனுஷர் சொன்னா உண்மையாயிடுமா? ஒரே மூச்சுல ரெண்டு பிழை, அப்பா."

"இங்க பாரு. ஒண்ணு இந்த வீட்டுக்கு ஒருத்தி வரணும், இல்லாட்டி நாம ரெண்டு பேரும் இப்படியே டப்பா சூப்பைக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கணும்."

"மூணாவது வழியே இல்லாத மாதிரிக் காட்டுறீங்க. நீங்க சமைக்கக் கத்துக்கலாமே. மூணு பிழை."

"நான் உன் அப்பன்டி!"

"அது வாதம் இல்ல. உறவு."

எல்டனுக்குக் காது சிவந்துவிட்டது. "இப்படியெல்லாம் பேச உனக்கு எவ சொல்லிக்குடுத்தா?"

"நீங்க கட்டிக்கப் போறவங்கதான்."

நான் எழுந்து குழம்பு எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்தேனே தவிர, சந்தோஷமில்லை. எனக்கு அந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் தங்கை நின்ற அடுப்படியில் இன்னொருத்தி நிற்பதை நினைக்கவே எனக்கு மனசு வரவில்லை. மிஸ் பெல்லமி நல்ல மனுஷிதான். அதனால் என்ன? நல்ல மனுஷிகள் அவரவர் வீட்டிலேயே இருக்கலாம்.

நான் திரும்பி வந்தபோது எல்டன் இறங்கி வந்திருந்தான். மிஸ் பெல்லமியிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டானாம். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "டிர்ஸாவுக்கு விருப்பமில்லாம அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். முதல்ல அவகிட்டப் பேசுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

டிர்ஸா யோசித்தாள். அவள் யோசிக்கும்போது மேலுதட்டைக் கடிப்பாள், அதைப் பார்த்தாலே ஏதோ வில்லங்கம் வருகிறது என்று எனக்குத் தெரியும்.

"பட்டிமன்றம் வைக்கலாம்" என்றாள். "பள்ளிக்கூட விதிப்படி. முழு விதிப்படி. ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் மிஸ் பெல்லமி. தீர்ப்பு என்னவோ அதுக்கு நீங்களும் கட்டுப்படணும், நானும் கட்டுப்படுவேன். கல்யாணம் வேண்டாம்னு தீர்ப்பு வந்தா நீங்க மறுபடி கேக்கவே கூடாது."

எந்தத் தகப்பனாவது தன் கல்யாணத்தைப் பட்டிமன்றத்தில் வைப்பானா? எங்கள் ஊரில் வைப்பான். அந்தப் பள்ளிக்கூடத்துக்காக ஸ்கேட்டிங் கூடத்தில் பலகை அடித்தவர்களில் எல்டனும் ஒருவன். அங்கே சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளுக்கு மட்டும்தான், நமக்கில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கையை நீட்டினான். மகள் குலுக்கினாள்.

"நடுவர் யாரு?"

"பெரியம்மா" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். இரண்டு பேருமே நான் தங்கள் பக்கம் என்று நினைத்திருந்தார்கள். அதில் ஒருத்தர் நினைத்தது சரிதான்.

*

சனிக்கிழமை மத்தியானம், எல்டன் வீட்டுச் சமையலறை மேஜை. வெளியே பனி உருகி முற்றம் முழுக்கச் சேறு. மிஸ் பெல்லமி ரப்பர் பூட்ஸோடு வந்து, அதை வாசலில் கழற்றி ஜோடியாக நிறுத்தி வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே வந்தார். நாற்பதைத் தாண்டியவர். நெட்டை. கொண்டையில் பென்சில் செருகியிருக்கும். தான் சொன்ன நகைச்சுவைக்குத் தான் சிரிக்காத ஜாதி. கையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒன்று.

"நடுவருக்கு லஞ்சமா, மிஸ்?" என்றாள் டிர்ஸா.

"ரெண்டு கட்சிக்கும் சமமா வெட்டினா லஞ்சமில்ல" என்று சொல்லி அதை ஜன்னலோரம் வைத்தார்.

விதிப்படி ஜெபத்தோடு ஆரம்பம். வீட்டுத் தலைவன் என்பதால் எல்டன் ஜெபித்தான். "கர்த்தாவே, மனுஷன் தனிமையா இருக்கிறது நல்லதில்லைன்னு நீரே முதல் புஸ்தகத்துல சொன்னீரே. அந்தத் தனிமையை நீர் பாக்குறீரே..."

"ஆட்சேபணை!" என்றாள் டிர்ஸா, ஒரு கண்ணைத் திறந்து. "அப்பா ஜெபத்துக்குள்ள கட்சி கட்டுறார்."

"எல்டன், ஆமென் சொல்லு" என்றேன்.

"ஆமென்" என்றான் பாவம்.

டிர்ஸா நேராகப் போய் எதிர்க்கட்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். வாரம் முழுக்கத் தயார் செய்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. மிஸ் பெல்லமி உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு சின்னச் சுருக்குப் பையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"சீட்டு எடுக்கலையா?"

"எதுக்கு மிஸ்? நான் வேண்டாம்ங்கற கட்சி. நீங்க வேணும்ங்கற கட்சி. தெரிஞ்சதுதானே."

"முழு விதிப்படின்னு சொன்னது யாரு?"

டிர்ஸா அதை மறந்தே போயிருந்தாள். நானும் அதை மறந்துவிட்டேன். எல்டனும் மறந்துவிட்டான். எங்கள் பள்ளிக்கூடத்துப் பட்டிமன்றத்தில் யாரும் தனக்குப் பிடித்த கட்சியில் பேச முடியாது. பைக்குள் கையை விட வேண்டும். கொண்டைக்கடலை வந்தால் ஆதரவு, பருப்பு வந்தால் எதிர்ப்பு. தன் கட்சி மட்டும் தெரிந்தவனுக்குத் தன் கட்சியும் தெரியாது என்பது அங்கே சுவரில் எழுதாத குறையாக நாளெல்லாம் சொல்கிற வார்த்தை. இரண்டாவது விதி இதைவிடத் தொல்லை. எதிராளிக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், எதிராளி சொன்னதை நீ திருப்பிச் சொல்ல வேண்டும். 'அதுதான் நான் சொன்னது' என்று எதிராளி ஒப்புக்கொள்கிற வரைக்கும் உனக்கு வாய் கிடையாது.

டிர்ஸா பைக்குள் கையை விட்டாள். எடுத்தாள். உள்ளங்கையில் கொண்டைக்கடலை.

எல்டன் 'ஹா' என்று சிரித்தான். மகள் தன் கல்யாணத்துக்காகப் பேசப் போகிறாள்! அடுத்த நொடி அவன் பார்வை மிஸ் பெல்லமியின் விரலுக்குப் போனது. அங்கே பருப்பு. சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது.

"வேண்டாம்னா விட்டுடலாம், டிர்ஸா. இது வகுப்பு இல்ல" என்றார் மிஸ் பெல்லமி.

"விதி விதிதான்" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. நாற்காலியை மாற்றிக்கொண்டார்கள்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். டிர்ஸா மட்டமாகப் பேசினால் போதும், அவள் கட்சி தோற்கும், கல்யாணம் நிற்கும். அவளுக்கும் அது புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எழுந்து நின்றாள்.

"எங்கப்பாவுக்குத் துணி மடிக்கத் தெரியாது. கல்யாணம் பண்ணினா துணி மடிக்க ஆள் கிடைக்கும். நன்றி." உட்கார்ந்துவிட்டாள்.

மிஸ் பெல்லமி அவளையே பார்த்தார். "இது வைக்கோல் பொம்மை. ஒரு ஊது ஊதினா விழுந்துடும். உன்னால இதைவிட நல்லா முடியும்."

"நான் நல்லாப் பேசினா உங்களுக்குத்தானே மிஸ் லாபம்?"

"ஆமா. எனக்குத்தான் லாபம். அதனால நீ இப்பப் பேசினது நல்ல பேச்சாயிடுமா?"

டிர்ஸாவின் கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் சிவப்பு ஏறியது. அந்தப் பிள்ளைக்கு மானம் அதிகம், அம்மாவைப் போலவே. வேண்டுமென்றே தோற்பது எங்கள் பிள்ளைகளுக்குத் திருட்டுக்குச் சமம். நான் வாயைத் திறந்து 'உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்' என்று சொல்லியிருப்பேன். தீர்ப்பு வரைக்கும் நடுவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது மூன்றாவது விதி. விதி போட்டவன் நாசமாய்ப் போக.

அவள் மறுபடி எழுந்தாள். இந்தத் தடவை வேறு குரல்.

"எங்கப்பா விதைப்புக் காலத்துல நின்னுக்கிட்டே சாப்பிடுவார். மத்தக் காலத்துலயும்தான். நாலு வருஷமா விசில் அடிக்கிறதை நிறுத்திட்டார். ஜனவரியிலேர்ந்து மறுபடி அடிக்கிறார், டிராக்டர் கொட்டகையில, யாருக்கும் கேக்கலன்னு நெனச்சுக்கிட்டு. புதுசா ஒரு சீப்பு வாங்கினார். அவர் தலையில சீவுறதுக்கு ஒண்ணும் இல்ல, இருந்தாலும் வாங்கினார். இன்னும் அஞ்சு வருஷத்துல நான் காலேஜுக்குப் போயிடுவேன். அப்புறம் அவர் தனியா நின்னுக்கிட்டே சாப்பிடுவார். அவர் மேல பிரியம் இருக்கறவங்க யாரும் அதை விரும்ப முடியாது. ஆகவே இந்தக் கல்யாணம் நடக்கணும்." ஒரு மூச்சு விட்டாள். "இது எனக்குப் பிடிச்சிருக்குன்னு அர்த்தமில்ல."

எல்டன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

மிஸ் பெல்லமி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். நின்றுகொண்டு சாப்பிடுவது, விசில், காலேஜ்.

"சீப்பை விட்டுட்டீங்க" என்றாள் டிர்ஸா.

"புதுச் சீப்பும் வாங்கினார்."

"அதுதான் நான் சொன்னது."

இப்போது மிஸ் பெல்லமியின் முறை. எல்டன் மேஜைக்கு மேலே குனிந்து, "கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பேசு" என்று கிசுகிசுத்தான். அவர் காதில் வாங்கவில்லை. கொண்டையிலிருந்து பென்சிலை உருவி மேஜையில் வைத்தார். அது அவர் முழுபலத்தோடு இறங்குவதற்கான அடையாளம் என்று ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் தெரியும்.

"இந்தக் கல்யாணம் ஏன் நடக்கக் கூடாதுன்னா, முதல் காரணம்: நான் இத்தனை வருஷம் தனியா இருந்து கெட்டுப்போனவ. தப்பைப் பாத்தாத் திருத்தாம இருக்க முடியாது. இப்ப உள்ள வந்ததுலேர்ந்து இந்தச் சமையலறையில மூணு விஷயத்தைத் திருத்தச் சொல்லிக் கை துறுதுறுக்குது."

எல்டன் சுற்றுமுற்றும் பார்த்தான், என்ன மூன்று என்று.

"ரெண்டாவது: படிக்கிற பிள்ளைக்கு வாத்தியாரைத் திட்டுறதுக்கு ஒரு இடம் வேணும். பள்ளிக்கூடத்துல என் முகத்தைப் பாத்துட்டு, சாயங்காலம் வந்து பையைத் தூக்கி எறிஞ்சு, 'அந்த பெல்லமி இருக்காளே' ன்னு ஆரம்பிக்கணும். நான் இங்க வந்துட்டா டிர்ஸா எங்க போவா? கொட்டகைக்கா?"

டிர்ஸா சிரிப்பை அடக்க மேலுதட்டைக் கடித்தாள். அவளுக்கே தெரியாமல் தலை ஆடியது.

"மூணாவது." மிஸ் பெல்லமி டிர்ஸாவின் பக்கம் திரும்பினார். "இந்த வீட்டுல யூனிஸோட பேரை யாரும் சொல்றதில்ல. நான் கவனிச்சிருக்கேன். எல்டன் 'அவ' ன்னு சொல்வார். டிர்ஸா 'அப்போ' ன்னு சொல்வா. நான் வந்துட்டா, எனக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சு, அந்த 'அவ' வும் 'அப்போ' வும்கூட நின்னுடும். கொஞ்ச நாள்ல யூனிஸ்ங்கற பேரே இந்த வீட்டுல இல்லாமப் போயிடும். அதுக்குக் காரணம் நானா இருப்பேன். இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. எதிர்க்கட்சிக்காகச் சொல்லல. நிஜமாவே இல்ல."

உட்கார்ந்துவிட்டார். எல்டன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

யூனிஸ் என் தங்கை. நான்கூட இதுவரைக்கும் இந்தக் கதையில் 'என் தங்கை, என் தங்கை' என்றே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன், கவனித்தீர்களோ என்னவோ. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. தன் கல்யாணத்தைத் தானே கொன்றுகொண்டிருக்கிற இந்த மனுஷியை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒன்று நிச்சயம்: இப்படி ஒரு கத்தியை எடுத்து அவர் தன் பக்கமே குத்திக்கொள்வார் என்று நான் நினைக்கவே இல்லை.

டிர்ஸா திருப்பிச் சொல்ல எழுந்தாள். முதல் காரணத்தைச் சட்டென்று சொன்னாள். இரண்டாவதை இன்னும் வேகமாக. "மூணாவது, நீங்க வந்தா... அம்மாவைப் பத்தி..." நிறுத்தினாள். "அம்மாவைப் பத்திப் பேச மாட்டாங்க."

"நான் அப்படிச் சொல்லல" என்றார் மிஸ் பெல்லமி. குரல் மிருதுவாகத்தான் இருந்தது. "நான் பேரைச் சொன்னேன்."

பிடிவாதக்காரி. பிள்ளை அழுதுவிடப் போகிறது, விட்டுத் தொலையேன் என்று எனக்குத் தோன்றியது. டிர்ஸா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வந்தா யூனிஸ்ங்கற பேரே இந்த வீட்டுல இல்லாமப் போயிடும்."

"அதுதான் நான் சொன்னது."

இப்போது பதில். ஆதரவுக் கட்சி பதில் சொல்ல வேண்டும். தான் வாரம் முழுக்க நெஞ்சுக்குள் வைத்திருந்ததையே எதிராளி எடுத்து முன்னால் வைத்துவிட்ட பிறகு, அதை உடைக்க வேண்டியது அவள் பொறுப்பாகிவிட்டது. ஜன்னல் வழியே சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் காரணத்துக்குப் பதில்: நானும்தான் திருத்துவேன். அப்பாவுக்குப் பழகிடுச்சு. ரெண்டாவதுக்கு..." உதட்டைப் பிதுக்கினாள். "பதில் இல்ல. அது நியாயமான காரணம். மூணாவது..."

அந்த இடத்தில் அவள் முகத்தில் தர்க்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு வருகிற அந்த வெளிச்சம் வந்தது. கணக்கு விடை தெரிந்ததும் கை தானாக மேலே போகுமே, அது.

"மிஸ், நீங்க வந்தா இல்லாமப் போயிடும்னு சொல்றீங்க. நீங்க இன்னும் வரவே இல்ல. இப்பவே இல்லையே! நாலு வருஷமா இந்தச் சமையலறையில யாரும் அந்தப் பேரைச் சொல்லல. அப்பா சொல்லல. பெரியம்மா சொல்லல. நான் சொன்னா அப்பா எழுந்து கொட்டகைக்குப் போயிடுவார், அதனால நானும் நிறுத்திட்டேன். இன்னிக்கு முதல்ல சொன்னது யாரு? நீங்கதான். என்னையும் சொல்ல வெச்சீங்க. அப்போ உங்களாலதான் இல்லாமப் போகும்ங்கறது தப்பு. உங்களாலதான் அது..."

நின்றுவிட்டாள். தான் எதை நிரூபித்துவிட்டோம் என்று அவளுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.

"உங்களாலதான் அது திரும்ப வந்துச்சு" என்று முடித்தாள், கிட்டத்தட்டக் கோபமாக.

மிஸ் பெல்லமி எழுந்து நின்றார். திருப்பிச் சொன்னார், விதிப்படி, ஒரு வார்த்தை விடாமல். பிறகு, "இதுக்கு எதிர்க்கட்சிகிட்ட பதில் இல்ல" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு ஒரு வழி இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டாவது காரணத்துக்கு ஆதரவுக் கட்சி பதில் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கட்சிக்குத் தீர்ப்பு சொல்லியிருந்தால் ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கல்யாணம் நின்றிருக்கும். அடுப்படி காலியாகவே இருந்திருக்கும். அந்தப் பேரும் பழையபடி யார் வாயிலும் வராமல் பத்திரமாக இருந்திருக்கும். அப்படிப் பத்திரமாக வைத்து என்ன ஊறுகாயா போடப் போகிறோம்?

"ஆதரவுக் கட்சி ஜெயிச்சது" என்றேன். தோற்ற கட்சியின் நல்ல வாதத்தை நடுவர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதால், பிள்ளைக்கு வாத்தியாரைத் திட்ட ஒரு இடம் வேண்டும் என்பதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை என்றும் சொன்னேன்.

டிர்ஸா உட்கார்ந்து மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "ஜெயிச்சுட்டேன்" என்று அழுதாள். "எனக்கு ஜெயிக்கவே வேண்டாம். ஜெயிச்சுட்டேன்."

எல்டன் எழப் போனான். மிஸ் பெல்லமி கையமர்த்தினார். அவர் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை, தலையைத் தடவவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"டிர்ஸா, இந்தத் தீர்ப்பு உங்கப்பாவைக் கட்டும். உன்னைக் கட்டும். என்னைக் கட்டாது. நான் யாருக்கும் கை குலுக்கிக் குடுக்கல. நீ வேண்டாம்னா நான் பூட்ஸைப் போட்டுக்கிட்டுப் போயிடுவேன். திங்கக்கிழமை வகுப்புல உனக்கு ஒரு மார்க்கும் குறையாது. இப்பப் பருப்பும் இல்ல, கொண்டைக்கடலையும் இல்ல. உன் சொந்தக் கட்சி என்ன?"

டிர்ஸா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். சொந்தக் கட்சி என்று ஒன்றை அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்டே ரொம்ப நாளாகிவிட்டது என்று எனக்கு அப்போது பட்டது. அவள் பேச ஆரம்பித்தபோது அழகாகவெல்லாம் பேசவில்லை.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட்டதும் நான் மட்டும் பெரியம்மா வீட்டுல இருப்பேன்."

"சரி."

"அங்க உங்களைத் திட்டுவேன்."

"சரி."

"என்ன திட்டினேன்னு நீங்க கேக்கக் கூடாது. பெரியம்மாவும் சொல்லக் கூடாது."

"சரி. திட்டுல தர்க்கப் பிழை இருந்தா?"

"இருந்தாலும் திருத்தக் கூடாது."

மிஸ் பெல்லமி உண்மையிலேயே தவித்தார். பென்சிலை எடுத்தார், வைத்தார். "அது எனக்கு ரொம்பக் கஷ்டம்."

"அதனாலதான் கேக்கறேன்."

"சரி" என்றார் கடைசியில். "திருத்த மாட்டேன்."

"அப்போ வாங்க" என்றாள் டிர்ஸா.

அவ்வளவுதான். இரண்டே சொல். எனக்கு என் பங்கு கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு அற்பச் சந்தோஷம்கூட வந்தது. டீச்சரைத் திட்டுவதைக் கேட்பதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் இந்த வட்டாரத்தில் கிடையாது.

அதுவரை மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்த எல்டன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினான். "நான் இப்பப் பேசலாமா?"

"பேசு" என்றேன்.

மேஜையைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், எழுந்து கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தான். கொட்டகைக்குத்தான் கிளம்பிவிட்டான் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம். கதவடியில் நின்று திரும்பினான்.

"யூனிஸ் இங்க இருந்திருந்தா" என்றான், குரல் உடைந்து, "நீங்க ரெண்டு பேரும் வாயையே திறந்திருக்க முடியாது. ரெண்டு கட்சியும் அவளே பேசியிருப்பா."

டிர்ஸா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிஜமாவா? அம்மா எதிர்த்துப் பேசுவாங்களா?"

"பேசுவாளாவா? எங்க கல்யாணத்தன்னிக்குப் பாஸ்டர்கிட்டயே சண்டை போட்டாடி."

"எதுக்கு?"

எல்டன் திரும்பி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான்.